'இல்லா' படுத்திய பாடு

போன செவ்வாய்க்கிழமை லேபர் ஒபீஸில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஒரே ஒரு பேச்சைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டும் — அவ்வளவுதான். என் ஆயுசில் இவ்வளவு ருசித்துச் செய்த வேலை வேறு கிடையாது.

அதற்கு முன்னால் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் சிங்களப் பெருமை தெரியும். எங்கள் றப்பர் தோட்டத்தில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் நேரே என் வீட்டுக்குத்தான் வரும். பேங்க் கடுதாசி, கோர்ட் கடுதாசி, கிராம சேவகர் நோட்டீஸ்... கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். பெரிய பண்டிதர் என்ற நினைப்பு!

அடுத்த லயத்து வீட்டு வரிசையில் ஜெசிந்தா இருக்கிறாள். வரக்காப்பொலயில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ் வேலை. அவள் பேசுகிற சிங்களத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். சாரி வாங்க வருகிற சிங்களப் பெண்கள், அவள் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் வாயைப் பிளப்பார்களாம். ஆனால் படித்தது தமிழில். சிங்கள எழுத்தில் பஸ் போர்டைத் தாண்டி அவளுக்கு ஓடாது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். பேச்சில் வெளுத்து வாங்குவோம். எழுத்தைக் கண்டால் முழிப்போம்.

ஜெசிந்தா மாசமாக இருந்தாள். எட்டு மாதம் முடிந்ததும் பிரசவ லீவு கேட்டாள். கடை மேனேஜர் ஒரு சிங்களக் கடிதத்தை நீட்டி, "லீவு கடுதாசிதான், சைன் பண்ணுங்க" என்றிருக்கிறார். அவர் சிங்களவர். ஆனால் தமிழில் பொளந்து கட்டுவார். தீபாவளி சீசனில் தோட்டத்து ஆட்களை, "வாங்க அக்கா, இந்தக் கலர் உங்களுக்குச் சோக்கா இருக்கும்" என்று வளைத்துப் போடுவதே அவர்தான்.

அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, லீவு கடுதாசின்னு சொல்றாரு. ஆனா டைப் அடிச்ச சிங்களப் பொண்ணு 'இல்லா'ன்னு என்னமோ சொல்லுச்சு. போடலாமாண்ணே?"

நான் அப்போது யட்டியாந்தோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒருத்தர் முழங்கையால் இடிக்கிறார்.

"அது 'நிவாடு இல்லீம' தங்கச்சி. லீவு கேக்கிறதைச் சிங்களத்துல அப்பிடித்தான் சொல்லுவாங்க. கண்ணை மூடிக்கிட்டுப் போடு!"

பாவி... கண்ணை மூடச் சொன்னேனே!

சிங்களத்தில் 'இல்லீம' என்றால் கேட்பது. அது சரிதான். ஆனால் 'இல்லா அஸ்வீம' என்று வேறொன்று உண்டு. நானாகவே வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவள் சரியாகத்தான் 'இல்லா' என்றாள். மிச்சத்தைக் கேட்கப் பொறுமையில்லாமல் நானே நிரப்பிக்கொண்டேன். தமிழில் எடுத்துக்கொண்டால்கூட 'வேலை இல்லா' என்றுதானே வருகிறது? அதுவாவது உறைத்திருக்க வேண்டாமா?

பெண் குழந்தை பிறந்தது. மாசக் கடைசியில் சம்பளம் வரவில்லை. அவள் புருஷன் கடைக்குப் போய்க் கேட்டான். "உங்க வைஃப்தான் ரிசைன் பண்ணிட்டாங்களே" என்று கடிதத்தைக் காட்டியிருக்கிறார் மேனேஜர். போனில் படம் பிடித்து வந்து என்னிடம் நீட்டினான். கண்ணாடியைப் போட்டேன். தொண்டையைச் செருமவில்லை. முதல் வரியிலேயே 'இல்லா அஸ்வீம' என்று இருந்தது.

ஜெசிந்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

லேபர் ஒபீஸில் முறைப்பாடு கொடுத்தோம். பிள்ளை பெறப் போகிறாள் என்பதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தச் சட்டம் விடாது. சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவளாகவே விலகினாள் என்று முடிவாகிவிட்டால்? லீவும் போச்சு, வேலையும் போச்சு. அந்தக் கையெழுத்து ஏமாற்றி வாங்கியது என்று காட்டியாக வேண்டும்.

விசாரணைக்குப் போகிற வழியில் என் மூளை வேலை செய்தது. "உனக்குச் சிங்களமே தெரியாத மாதிரி உக்காந்துக்க தங்கச்சி. நான் பேசிக்கிறேன்."

முறைத்தாள். "ஏண்ணே பொய் சொல்லணும்? நாலு வருசமா சிங்களம் பேசித்தானே அந்தக் கடையில சாரி வித்தேன்? பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. உள்ளதைத்தான் சொல்லுவேன்."

போச்சுடா என்று நினைத்தேன்.

விசாரித்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் தெரியாது. "ஜெசிந்தா என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார் மிஸ். புரியாமலா கையெழுத்து வைத்தார்?" என்று சிங்களத்தில் கேட்டார் மேனேஜர். அதிகாரி ஜெசிந்தாவைப் பார்த்தார். "பேசத் தெரியும் மிஸ், வாசிக்கத் தெரியாது" என்று அவள் சிங்களத்திலேயே சொன்னாள்.

ஜெசிந்தா குழந்தையைப் புருஷனிடம் கொடுத்தாள். தன் கைப்படத் தமிழில் எழுதி வந்திருந்த முறைப்பாட்டை எடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள். தமிழில் சொன்னாள் —

"லீவு கடுதாசிதான் சேர். சைன் பண்ணுங்க."

மேனேஜர் தாளை மேலும் கீழும் பார்த்தார். எரிச்சலோடு அவரும் தமிழிலேயே சொன்னார்: "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதே!"

அட்சர சுத்தமான தமிழ்! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தாளை மெல்லத் தள்ளி வைத்தார்.

"இவர் என்ன சொன்னார்?" — அதிகாரி என்னைக் கேட்டார்.

ஆஹா... அந்த வேலை இதுதான்! எழுந்து நின்றேன். கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை, இருந்தாலும் போட்டுக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், நிறுத்தி நிதானமாகச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து எழுதினார். நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

கடிதம் வாபஸ். சம்பளத்தோடு லீவு. லீவு முடிந்ததும் அதே சாரி கவுண்டர். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கினோம். தமிழிலும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கினாள் ஜெசிந்தா.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நான் சொல்லிக்கொடுத்த பொய் அவளைக் காப்பாற்றியிருக்காது. சிங்களம் பேசத் தெரியும் என்று தலை நிமிர்ந்து சொன்னாளே, அதுதான் காப்பாற்றியது. இரண்டு பாஷையில் பேசிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். அதைப் போய் மறைத்து வைக்கச் சொன்னேன், வெட்கக்கேடு!

உங்களிடமும் யாராவது புரியாத தாளை நீட்டினால், "வாசிச்சுக் காட்டுங்க, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். பஸ்ஸில் தொங்குகிறவனிடம் மட்டும் கேட்காதீர்கள்.

திரும்பி வரும்போது ஜெசிந்தா டவுனில் ஒரு கொப்பி வாங்கினாள். சிங்கள எழுத்துப் பழகப் போகிறாளாம்.

"நானே சொல்லித் தாறேனே?" என்றேன்.

"சரிண்ணே... நீங்க பஸ்ஸுல இல்லாத நேரமாப் பாத்து வாறேன்!"

இப்போது அயன்ன, ஆயன்ன என்று சிங்கள அகரவரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்து மட்டும் எப்போதும் தமிழில்தானாம்.