பிடுங்கிப் போட்ட கல்

கைக்குள் அடங்கும் என் ரேடியோவைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கிப் போட்டேன். அது தப்பு என்று எனக்கு இதுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை. எள்ளைவிடச் சின்னது, பார்க்கக் கறுப்புக் கல் மாதிரி இருக்கும். ஒரே போர்டை உலகத்துக்கெல்லாம் செய்துவிட்டு, இந்தப் பெட்டி இன்னதைத் தாண்டிக் கேட்கக் கூடாது என்று கம்பெனிக்காரன் வைக்கிற பூட்டு அது. சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்துக் காசு கொடுத்தது என் வீட்டுக்காரர். பூட்டு மட்டும் எவனோ போடுவானாம்.

அமெச்சூர் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவள் நான். தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறேன்; வீடும் நிலமும் ஒரத்தநாட்டுப் பக்கம். ரேடியோக்காரர்கள் நாங்கள் அவ்வப்போது தஞ்சாவூரில் கூடுவோம். அங்கே எல்லோருக்கும் மூத்தவர், ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியர். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்புகிற சத்தத்தைப் பிடிக்க ஆசை, அது நமக்கு ஒதுக்கிய அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே கிடக்கிறது, இந்தக் கல்லை எடுத்துவிட்டால் எட்டிவிடும் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வாரண்டி போயிடும்மா. லேடீஸுக்கு எதுக்கு இந்த வம்பு? மேகம்தானே, போன்லயே பாத்துக்கலாம்."

அந்த 'லேடீஸு'க்காகவே அன்று மாலை பெட்டியைத் திறந்தேன். நுனி கூரான சால்டரிங் அயர்னும் புருவம் பிடுங்குகிற இடுக்கியும் போதும். கல் பெயர்ந்து வந்ததும் ரேடியோ செத்த மாதிரி ஆகிவிட்டது. ரீசெட் செய்து மறுபடி எழுப்பினால், அதுவரை இறங்க மறுத்த எண்கள் மளமளவென்று கீழே இறங்கின. கல்லை என் பொட்டு டப்பாவில் போட்டு மூடினேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேச விடாமல் தடுக்கிற பூட்டும் அந்தக் கல்லோடு சேர்ந்து திறந்துகொண்டது. அந்தப் பக்கம் நான் கை வைக்கவில்லை. எங்கே பேச எனக்கு உரிமம் உண்டோ அங்கேதான் இன்றுவரை பேசுகிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் பொதுவாக வானத்திலிருந்து வருகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

அந்தச் சத்தம் டிக் டிக்கென்று, நடுவில் ஒரு விசிலோடு வரும். அதைப் போனில் பதிவு செய்தால், அதிலிருக்கும் ஆப் வரி வரியாகப் படமாக்கும். அதற்கு டவர் வேண்டாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். காதால் கேட்டதையே கண்ணால் காண்கிற ஆளை என்ன சொல்வார்களோ தெரியவில்லை. வீட்டில் யாரும் மதிக்கவில்லை. நிலத்தைக் கூட்டாகப் பார்க்கிற என் மச்சாண்டார், வீட்டுக்காரரின் அண்ணன், "நல்லா இருந்த பெட்டியைப் பிரிச்சு நாசம் பண்ணியாச்சு" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

பிறகு ஒரு ஐப்பசியில், குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி வைத்திருந்த நேரத்தில், புயல் அடித்தது. தென்னையெல்லாம் ரோட்டில் சாய்ந்ததால் லாரி வரவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மழை விட்டும், வரிசையாகக் கிடந்த நெல் குவியல்களை ஒருவரும் திறக்கவில்லை. இன்னொரு புயல் பின்னாலேயே வருகிறதாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டினார்கள்.

அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தார்ப்பாயின் ஓரம் அடுத்தவர் தார்ப்பாயின் மேல் ஏறியிருக்கும். கயிறுகளும் ஒன்றோடொன்று முடிந்திருக்கும். காற்றுக்கு அப்படித்தான் தாங்கும். அதனால் திறந்தாலும் மூடினாலும் எல்லோரும் சேர்ந்தே செய்வது. நல்ல வழக்கம்தான், வதந்தி வராத வரைக்கும். எங்கள் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். சோற்றுப் பானைக்குள் விட்டது போல் சுட்டது. ஈர நெல் மூடிக் கிடந்தால் இப்படித்தான் புழுங்கும். இன்னும் ஒரு நாள் போனால் முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதலில் தொடமாட்டார்கள். எங்கள் இரண்டு குடும்பத்தின் குறுவை முழுக்க அந்த ஒரு குவியலில்தான் இருந்தது.

மறுநாள் காலை செயற்கைக்கோள் தலைக்கு மேல் வருகிற வேளைக்கு, பழைய டிவி ஆன்டெனாவின் இரண்டு குழாயை மூங்கிலில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். போனை டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏற்றியிருந்தேன். சத்தம் வந்ததும் கூட்டம் கூடியது. படம் மெதுவாக இறங்கியது. புயலின் சுழி மலையைத் தாண்டி மேற்கே போயிருந்தது. வங்கக் கடல் கறுப்பாக, மேகமில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. என் ரேடியோ இந்த வேலைக்கென்று செய்ததில்லை. ரொம்ப வெள்ளையான இடத்தைக் கிழித்துத்தான் காட்டும். அது மேகமா, ரேடியோவின் கோளாறா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. மேகம்தான் என்றாலும் அது வந்து சேர நேரம் பிடிக்கும், அதற்குள் நெல் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

திறக்கலாம் என்றேன். மச்சாண்டார் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஊரே மூடி வச்சிருக்கு. நீ ஒருத்தி திறந்து நனைஞ்சு போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"மூடியே வச்சு முளைச்சுப் போச்சுன்னா யாரு மாமா பதில் சொல்றது?"

ஊரோடு ஒத்து வாழ் என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். ஊரோடு சேர்ந்து முளைக்க எனக்கு விருப்பமில்லை என்றேன். குவியலில் பாதி எங்கள் பங்கு, அதை மட்டும் பிரித்துக்கொள்கிறேன் என்று நெல் தள்ளுகிற பலகையை எடுத்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. என் ஓரகத்தி, மச்சாண்டாரின் மனைவி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கடப்பாரையை அடித்து இறக்கினாள். பக்கத்துக் குவியலின் கயிற்றை எங்கள் முடிச்சிலிருந்து அவிழ்த்து அதில் கட்டினாள். புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு பேருமாக எங்கள் பாதியை இழுத்து ரோட்டில் பரப்பினோம். நெல்லிலிருந்து ஆவி பறந்தது.

மதியம் வெயில் மங்கியது. நாலு தூறல் விழுந்தது. வாசல் முழுக்க என்னையே பார்த்தது. நான் தார்ப்பாயைத் தொடவில்லை. மேலே போனது சின்ன மேகம், அவ்வளவுதான். வெயில் திரும்பி வந்து சுள்ளென்று அடித்தது.

அதற்குப் பிறகு மச்சாண்டார் எழுந்து தன் பாதியைத் திறந்தார். அவர் திறந்ததும் மற்றவர்களும் திறந்தார்கள். அவர் பங்கில் மேல் நெல் தப்பியது. அடி நெல் வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது. அது வாத்துத் தீவனத்துக்குத்தான் போயிற்று. என் நெல் ஒரு மணி விடாமல் கொள்முதலாயிற்று. ஓரகத்தியின் முகத்தைப் பார்க்க வருத்தமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷமும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்தச் செயற்கைக்கோள்களை இப்போது நிறுத்திவிட்டார்கள். அந்த எண்ணில் வைத்தால் வெறும் இரைச்சல்தான். சமீபத்தில் தஞ்சாவூர்க் கூட்டத்துக்குப் போனபோது, டிராக்டருக்கு ஸ்பேர் வாங்க வந்த மச்சாண்டாரும் கூட வந்து டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூத்தவர் என் ரேடியோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். செயற்கைக்கோள்தான் நின்றுபோயிற்றே, கல்லைக் கொண்டு வா, நானே வைத்துத் தருகிறேன், பெட்டி பழையபடி ஒழுங்காக இருக்கட்டும் என்றார். நான் வாயைத் திறக்குமுன் மச்சாண்டார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டுங்க சார். இன்னொண்ணை மேல விடாமலா போயிடுவாங்க? அப்ப மறுபடி பிரிக்கணும்ல."

கல் என் பொட்டு டப்பாவில்தான் கிடக்கிறது. அங்கேயேதான் கிடக்கும்.