ஆட்டுக் கொழுப்பேறிய தந்தி

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் சந்தையில் ஆட்டுக்கறியும் கொழுப்பும் அடைத்த சம்சா சுடும் தாலாய்க்கு அடுப்பைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. வாங்கிய நாள்முதல் அவனுடைய பேஸ் கிட்டாரில் தந்தி மாற்றியதே இல்லை. ஞாயிறானால் எமிலின் கார் ஷெட்டில் அவனும் எமிலும் ருஸ்தமும் கூடிவிடுவார்கள். மூவருமே பேஸ் வாசிக்கிறவர்கள். பாடவும் ஆளில்லை, டிரம்ஸுக்கும் ஆளில்லை. வாசிப்பதைவிட வாய்ச்சண்டைதான் அதிகம்.

"புதுத் தந்தி தகரம் மாதிரி கத்தும்டா. அழுக்கு ஏற ஏறத்தான் அடிவயித்துலேர்ந்து பேசும்" என்பான் தாலாய்.

"அது அழுக்கா? ஆட்டுக் கொழுப்பு. வேக வச்சா நாலு பேருக்கு சூப்பு ஆகும்" என்பான், தன் தந்திகளை அழுக்குப் போக மாதாமாதம் கொதிநீரில் போட்டெடுக்கும் எமில்.

ஒரு ஞாயிறு, கிட்டார்ப் பையைத் திறந்த தாலாய் அப்படியே நின்றுவிட்டான். நான்கு தந்திகளும் புத்தம் புதிதாக மின்னின. அந்த நேரம் பார்த்து மனைவி புருலிடமிருந்து போன் வந்தது. எமில் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"பொறந்தநாள் பரிசைப் பாத்தீங்களா? நானே மாட்டினேன். சத்தம் எப்படி இருக்கு?"

தாலாய் ஒரு தந்தியைத் தட்டினான். ஷெட்டே கணீரென்றது. ருஸ்தம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

"தேன் மாதிரி இருக்கு, புருல்."

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரல. பழசு பையோட முன் ஜிப்புல இருக்கு. பயப்படாதீங்க, துடைக்கக்கூட இல்ல."