கொடுக்கில்லாத நண்டு

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியருக்கு நண்டைக் கண்டால் பயம். வயல் நண்டுகளின் வம்ச மரம் போடுகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த மனுஷன், உயிருள்ள நண்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் நண்டு பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் அட்டவணையில்தான்.

அந்த அட்டவணை பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு வரிசை, நண்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கட்டம். உறுப்பு இருந்தால் ஒன்று. பிறவியிலேயே இல்லையென்றால் சைபர். பார்க்க முடியாமல் போனால் கேள்விக்குறி. அதை வைத்து யாருக்கு யார் கிட்டத்துச் சொந்தம் என்று கம்ப்யூட்டர் மரம் போட்டுத் தரும். சைபருக்கும் கேள்விக்குறிக்கும் உள்ள வித்தியாசம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சாருக்குப் புரியவில்லை.

நன்னிலத்து நண்டுகளை வரப்பு வளையில் கைவிட்டு நானே பிடித்தேன். விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. கீழ்வேளூர் நண்டுகள் நான் சேருவதற்கு முன்னாலேயே சார் காரில் போய் வாங்கி வந்தவை. அவற்றைப் போட்டுவைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தால் ஒன்றுக்கும் கொடுக்கு கிடையாது. ஒடிந்த இடத்தில் வெள்ளையாகச் சவ்வு தொங்கிக்கொண்டிருந்தது. நான் கேள்விக்குறி போட்டேன். சார் அதை அழித்துவிட்டு சைபர் போட்டார். கொடுக்கின் பல், முள், மயிர் என்று ஐந்து கட்டத்திலும் சைபர்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைதாம்மா. எனக்கே பாடம் எடுக்காதே."

மரம் வந்தது. கீழ்வேளூர் நண்டுகள் மட்டும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தனிக்கிளையில் நின்றன. புது வம்சம் கண்டுபிடித்துவிட்டதாக சாருக்குத் தலைகால் புரியவில்லை. துறை முழுக்கக் கேசரி கொடுத்தார். வெட்கமில்லாமல் நானும் தின்றேன்.

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் ஏறி, அந்த நண்டுகளை விற்ற அக்காவைத் தேடிப் போனேன். களையெடுத்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, நண்டுக்குக் கொடுக்கெல்லாம் எங்க?"

"பிடிச்சதும் ஒடிச்சுத்தானே பானையில போடுவோம். அன்னிக்கு நாலு நண்டு முழுசா இருந்துச்சு. கார்ல வெளிய வந்தா கடிச்சிடும், அதையும் ஒடிச்சுக் குடுங்கன்னு உங்க சார்தான் சொன்னாங்க."

திரும்பி வந்து ஐந்து கட்டத்திலும் கேள்விக்குறி போட்டு கம்ப்யூட்டரை மறுபடி மரம் போடவிட்டேன். தனிக்கிளை காணாமல் போய், கீழ்வேளூர் நண்டு நன்னிலத்து நண்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாரிடம் காட்டினேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் செத்துவிட்டது. அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

நாலு வருஷ உழைப்பு. அந்த ஆளைக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. என் கையாலேயே சைபர்களைத் திரும்பப் போட்டேன். அவருக்கு நண்டைக் கண்டு பயம், எனக்கு அவரைக் கண்டு.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர் அந்தக் கிளையில் விரலை வைத்தார். "கொடுக்கே இல்லாம இது எப்படிம்மா இரை எடுக்கும்?"

சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை இனிமேத்தான் ஆராயணுங்க சார்" என்றேன்.

நல்ல பதில் என்று தலையாட்டிவிட்டு, எனக்கு முனைவர் பட்டம் தரலாம் என்று எழுதினார்.