கானில் கிடைத்த கொக்கி

இலங்கையில் நானுஓயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் சண்முகவடிவு. வேலைக்குப் போகும்போது மகள் பூரணியைப் பிள்ளைக்காம்பராவில் விடுவாள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் ஐவி. கல்யாணம் ஆகாதவள். அவளுடைய அப்பா முன்பு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். பூரணி முதன்முதலாக ‘அம்மா’ என்று கூப்பிட்டது ஐவியைத்தான். அன்றிலிருந்தே வடிவுக்கு அவளைக் கண்டால் நெஞ்சு எரியும்.

ஐம்பத்தேழாம் வருடம், வடிவின் புருஷன் மூக்கன் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடக் கான் வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஓர் இரும்புச் சாமான் வந்தது. கைப்பிடி அளவு நீளம். ஒரு முனை கிளிமூக்குப் போல வளைந்து மழுங்கியிருந்தது, மறுமுனையில் வளையம். மூட்டை தூக்கும் கொக்கி என்றால் இவ்வளவு சின்னதாக இருக்காது. லயத்து வீடுகளில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

“ஐவிக்கிட்டயும் காட்டுனேன். அவளுக்கும் தெரியலயாம்” என்றான் மூக்கன்.

“அவகிட்ட எதுக்குக் காட்டுனீங்க?”

“பங்களாச் சாமானா இருந்தா அவ பாத்திருப்பாள்ல?”

“எனக்கு முன்னாடியே காட்டிட்டீங்களா?”

மூக்கன் பீடியைப் பற்றவைத்தான். வடிவுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஐவிக்குத் தெரியாததைத் தான் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நுவரெலியாவுக்குப் போனபோது, மூக்கனுக்குத் தெரியாமல் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரும்புக் கடைக்காரன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அழாத குறையாகக் குதிரைப் பந்தய மைதானத்தின் ஓரமாக நடந்து வந்தவள் சட்டென்று நின்றாள். ஒருவன் குதிரையின் காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்து, குளம்புக்குள் அடைந்திருந்த மண்ணையும் கல்லையும் ஒரு கொக்கியால் நோண்டிக்கொண்டிருந்தான். அதே கிளிமூக்கு!

தெரிந்த சிங்களத்தில் கேட்டுத் தன் கொக்கியை நீட்டினாள். அவன் சிரித்தபடி வாங்கி, அடுத்த குளம்பை அதனாலேயே சுத்தம் செய்து காட்டினான். கார் வருவதற்கு முன்னால் துரைமார் குதிரையில்தானே தோட்டம் சுற்றினார்கள் என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து வடிவு சொன்னதும் மூக்கன் துள்ளி எழுந்தான். “கெட்டிக்காரிதான் நீ! இரு, ஐவிக்கிட்ட சொல்லிட்டு வாரேன்.”

“ஒக்காருங்க! நானே சொல்லிக்குவேன்.”

மறுநாள் காலை பிள்ளைக்காம்பராவில், தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஐவி கையிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட மறந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

“குதிரைக்குப் பக்கத்துலயே போனீங்களா அக்கா? நான் டவுனுக்குப் போயி எத்தன வருசமாச்சு. தனியா யாரு கூடப் போறது? ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்கு.”

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று வடிவு நினைத்ததே இல்லை. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அது நல்ல எண்ணமில்லை என்று தெரிந்தும் அன்று முழுவதும் அதை ஆசை தீர அனுபவித்தாள்.

அடுத்த மாதம் ஐவியையும் குதிரை பார்க்கக் கூட்டிப் போனாள். நானும் வருகிறேன் என்று கிளம்பிய மூக்கனை மட்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி லயத்திலேயே விட்டுவிட்டாள்.