வைட்டமின் டி-யும் கண்டனூர் வெயிலும்

பிசியோதெரபி தொழில்ல நோயாளியோட கையையும் காலையும் மடக்குறது சுலபம். சுத்தி நிக்கிற சொந்தக்காரங்க வாயை மடக்குறதுதான் பெரும்பாடு. வீட்டுல ஒருத்தருக்குச் சீக்கு வந்து, போறவுக வாரவுகன்னு எல்லாரும் வைத்தியம் சொல்லிக் கேட்டு நொந்தவுகளுக்கு நான் சொல்றது புரியும். காரைக்குடியில இருந்து ஸ்கூட்டியில ஊர் ஊராப் போயி பயிற்சி குடுக்குறவ நான். கண்டனூர்ல தெய்வானை வீட்டுக்குப் போயிவந்த கதை இது.

தெய்வானை பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். போன வருசம் ஒரு கண்ணு மங்கி, கால் ரெண்டும் மரத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நரம்போட உறையை அரிக்கிற நோய். ஊசி மருந்தை விடாம போடணும்னு மதுரை டாக்டர் சொல்லிட்டாரு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்புக்குத் திரும்பிடணும், அது ஒண்ணுதான் அவளுக்கு ஆசை.

மதுரையில தங்கிட்ட வார்த்தை

தை மாசம் ரத்தம் எடுத்ததுல வைட்டமின் டி ரொம்பக் கம்மின்னு வந்துச்சு. டாக்டர் பொறுமையா விளக்கினாராம். இந்த நோய் வந்தவுகள்ல பல பேருக்கு அது கம்மியா இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம், ஆனா மாத்திரை போட்டா நோய் போயிடும்னு சொல்ல முடியாது, ஊசியை நிறுத்தக்கூடாதுன்னு.

இதுல 'இருக்கலாம்'ங்கிற வார்த்தை மதுரையிலயே தங்கிடுச்சு. கண்டனூருக்கு வந்து சேர்ந்தது மிச்சம்தான். தெய்வானை வீட்டுக்காரர் சொக்கலிங்கம் அண்ணன் டைல்ஸ் கடை வச்சிருக்காரு, தங்கமான மனுசன். அன்னைக்கு நான் வண்டியை நிறுத்துறதுக்குள்ள ஓடி வந்தாரு. "கேட்டீகளாம்மா? வேற ஒண்ணுமே இல்லையாம், வைட்டமின்தானாம்!"

பங்காளிக மாத்திரை

அண்ணன் குடியிருக்கிறது பாட்டன் காலத்துப் பெரிய வீடு. அந்த மாதிரி வீடுகள்ல பங்கு எல்லாருக்கும் உண்டு, குடியிருக்கிறது ஒருத்தர்தான். மாசியில முன்னோருக்குப் படைப்பு போட, சிதறிக் கிடந்த பங்காளிக எல்லாரும் வந்து இறங்குனாக. சேதி முன்னமே போயிருச்சு போல. சென்னைக்காரவுக ஒரு அட்டை, கோயமுத்தூர்க்காரவுக ஒரு பொட்டலம், மலேசியாக்காரவுக ஒரு பெரிய டப்பா. எல்லாம் வைட்டமின் டி.

கொஞ்ச நாள்ல தெய்வானைக்குத் தாகமான தாகம், வாந்தி, மலச்சிக்கல். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து எகிறிப்போச்சு, எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. விசாரிச்சா, வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதைத் தினம் ஒண்ணாப் போட்டு, அதுக்கு மேல மத்ததையும் குடுத்திருக்காரு. "ஏண்ணே இப்படிப் பண்ணீக?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு பாவமா முழிச்சாரு. "சென்னைப் பங்காளி குடுத்ததைப் போட்டுட்டு மலேசியாப் பங்காளி குடுத்ததை ஒதுக்குனா, அவுக மனசு சங்கடப்படாதாம்மா?"

முற்றத்து நாற்காலி

மாத்திரையை நிறுத்தியாச்சா, அண்ணன் பார்வை வானத்துப் பக்கம் போயிருச்சு. வெயில் உள்ள வரக்கூடாதுன்னே பார்த்துப் பார்த்துக் கட்டுன வீடு அது. நடு முற்றத்துல மட்டும்தான் வெயில் விழும். சித்திரை மாசம், உச்சி நேரம், நான் உள்ள போறேன். முற்றத்துல ஒரு நாற்காலி, அதுல தெய்வானை. பக்கத்துல முறத்துல மோர்மிளகாய். ரெண்டும் காயுது.

ஆத்தி, ஓடிப்போயி அவ கையைப் பிடிச்சேன். எந்திரிக்கச் சொன்னா கால் நிக்கல, கண்ணு மங்குது. நோய் திரும்ப வந்துருச்சுன்னு அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழறாரு. உள்ள தூக்கிட்டுப் போயி, ஃபேனைப் போட்டு, ஈரத் துண்டைச் சுத்தி வச்சதும் கொஞ்ச நேரத்துல பார்வை தெளிஞ்சு கால் சொன்ன பேச்சு கேட்டுச்சு. போன்ல டாக்டர், இந்த நோய்க்காரவுகளுக்கு உடம்பு சூடானா இப்படித்தான் ஆகும், குளிர்ந்தா சரியாயிரும், வெயில்ல உக்கார வைக்காதீங்கன்னாரு. எனக்கு வந்த கோவத்துல அண்ணனைப் பிடிபிடின்னு பிடிச்சேன். தலையில ஈரத் துண்டோட தெய்வானை என்னைத் தடுத்தா. "வையாதீக அக்கா. மிளகாயையாவது நடுவுல ஒருக்காப் புரட்டிப் போட்டாக, என்னையத்தான் மறந்துட்டாக."

ஃபிரிட்ஜுல இருந்த ஊசி

வைகாசியில மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தா, சுண்ணாம்புச் சத்து இறங்கியிருந்துச்சு, வைட்டமின் டி நல்லாவே இருந்துச்சு. அன்னைக்கு ஊசி போடுற நாள். எப்பவும் அண்ணன்தான் போட்டு விடுவாரு. அன்னைக்கு ஃபிரிட்ஜுல மாவுச் சட்டிக்குப் பின்னால ஊசி அப்படியே இருக்கு. "அதான் வைட்டமின் ஏறிருச்சே, இனி எதுக்கு ஊசி?"ங்கிறாரு.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள தெய்வானை எந்திரிச்சா. சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்துபோயி, ஊசியை எடுத்து அவரு கையில வச்சா. "போடுங்க. நான் கிளாசுக்குப் போகணும்"னா, அவ்வளவுதான். அந்த மனுசன் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "வைட்டமின்னா நான் கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துருவேன் தெய்வானை. இந்த நோய்க்கு நான் எங்குட்டுப் போயி என்னத்த வாங்குவேன்?"

ஊசியைப் போட்டுட்டுத்தான் கண்ணைத் துடைச்சாரு.

பள்ளிக்கூடத்து மைதானம்

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு நடையைப் பார்த்துக்க நானும் கூடப் போனேன். வெயில் இன்னும் அடங்கல. கேட்டுல இருந்து வகுப்பு வரைக்கும் வெறும் பொட்டல். தெய்வானை கம்பை ஊன்றி மெதுவா நடக்குறா. அண்ணன் பெரிய கறுப்புக் குடையை முழுசா அவ தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, தான் வெளியில வெயில்ல வேர்த்து ஊத்த நடந்து வாராரு.

எதிர்ல ஒரு வாத்தியார் வந்து நின்னாரு. "என்ன சார், காலை வெயில்ல வைட்டமின் டி இருக்குல்ல, குடையை மடக்குங்க"ன்னாரு. அண்ணன் குடையை இம்மியும் அசைக்கல. "அதெல்லாம் அவ பங்குக்கும் நானே வாங்கிக்கிறேன் சார். நீங்க வழி விடுங்க, டீச்சருக்குக் கிளாசுக்கு நேரமாச்சு."

வெயில்ல போயி நில்லுன்னு சொல்ல ஊரே இருக்கு, குடை பிடிக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கு.