காரணத்துக்கு ஒரு வரி

படையிலிருந்து விலக விரும்புகிறவன் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரேயொரு வரி விட்டிருந்தார்கள். பெயருக்கு ஒரு வரி, ஊருக்கு ஒரு வரி, காரணத்துக்கும் ஒரு வரி. அந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டித்தான் போர்க்காலத்தில் என் பல வருடங்கள் போயின.

கண்டி நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சிங்களச் சட்டத்தரணிகள் இருவரும் ஒரு பாதிரியாரும் சேர்ந்து நடத்தினார்கள். இனித் துவக்கைத் தொடமாட்டேன் என்று மனம் மாறிய படையாட்கள் லீவில் வரும்போது அங்கே ஆலோசனை கேட்டு வருவார்கள். அவர்களோடு பேசி, விண்ணப்பத்தை எழுதி, விசாரணைக்குத் தயார்செய்து அனுப்புவது என் வேலை. அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் சிங்களத்தில் கடிதம் எழுதிய கை என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரிக்கு இது தேவையா என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். என் சொந்தத் தங்கையே தொலைபேசியில் கேட்டாள்.

"எங்கட பெடியளைச் சுடுறவங்களுக்கு நீ கடுதாசி எழுதிக் குடுக்கிறியாம்?"

"ஓம். சுடமாட்டன் எண்டு வாறவனுக்குத்தான் எழுதுறன். உங்கட பக்கத்திலயும் அப்பிடி ஆரும் இருந்தால் அனுப்பு."

அவள் டக்கென்று வைத்துவிட்டாள். வைக்கட்டும். தமிழர் வீடுகளைக் கொளுத்திய கலவரத்தில் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக் கதிரைகளும் அலுமாரியும் நடு ரோட்டில் எரிந்தன. அகதி முகாமிலிருந்து நேராக அதே வீட்டுக்குத் திரும்பி, கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டவள் நான். போ என்றால் போகாத குணம் எனக்கு. எதைச் செய்யவேண்டும் என்பதைத் தங்கையிடமும் கேட்கமாட்டேன், தீ வைத்தவனிடமும் கேட்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரியில் நாங்கள் எழுதியதெல்லாம் பொய். தாய்க்குக் கடும் நோய், பார்க்க ஆளில்லை என்று எழுதுவோம். நகரத்தில் ஒரு டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு சான்றிதழ் தருவார். கொல்ல மனம் ஒப்பவில்லை என்று எழுதினால் அதைக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. கோழை, துரோகி என்று காவலறையில் போடுவார்கள். ஆகவே பொய்தான் எங்கள் தொழிற்கருவி, எனக்கு அதில் கூச்சமே இருந்ததில்லை.

அப்போதுதான் அலவத்துகொடையிலிருந்து அவன் வந்தான். இருபத்துமூன்று வயது, முஸ்லிம். சிங்களப் பாடசாலையில் படித்தவன், வீட்டில் பேசுவது தமிழ். இரண்டு மொழியும் தெரிந்தவனுக்குத் துவக்குத் தூக்கும் வேலை குறைவு என்று சொல்லிச் சேர்த்தார்களாம். அது உண்மைதான். வடக்கில் ஒரு முகாமில், பிடித்து வரும் தமிழர்களை விசாரிக்கும்போது அவர்கள் சொல்வதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்வதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. லீவில் இன்னும் எட்டு நாள் இருந்தது. அதற்குள் விண்ணப்பத்தோடு முகாமுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் தப்பியோடியவன் கணக்கில் தேடி வந்து பிடிப்பார்கள்.

நான் வழக்கம்போலப் பேனையை எடுத்தேன். "அம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு போடுவம்? இருதயம்?"

"உம்மா நல்லாத்தான் ஈக்கிறா மிஸ். பொய் எழுத வேணாம்."

"பொய் எழுதாட்டி உம்மை உள்ளுக்குப் போடுவாங்கள், தம்பி."

"போடட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிற பையன்களை எனக்குப் பிடிக்காது. என்னை ஏன் தேடி வந்தீர், நேரே போய்க் காவலறையில் படுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒரு சைக்கிள் திருத்துற மனுசனக் கொண்டு வந்தாங்க மிஸ். இயக்கத்துக்குச் சோறு குடுத்தியா எண்டு எங்கட பெரிய ஆபிசர் கேட்டாரு. பசி எண்டு வந்தா ஆரா இருந்தாலும் குடுப்பன் எண்டு அந்த மனுசன் சென்னாரு. நான் அதை அப்படியே சிங்களத்துல சென்னேன். ஒரு வார்த்த கூட்டல்ல, ஒரு வார்த்த குறைக்கல்ல. பின்னேரம் வாகனத்துல ஏத்திக்கிட்டுப் போனாங்க. திரும்ப வரல்ல."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"'ஆரா இருந்தாலும்' எண்டத நான் விட்டிருந்தாப் போதும். அண்டைக்கு அவருக்காக ஒரு பொய் செல்லத் தெரியல்ல எனக்கு. இண்டைக்கு எனக்காக மட்டும் எப்படிச் செல்ற?"

இதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்த ஒற்றை வரியில் சின்ன எழுத்தாக, நெருக்கி நெருக்கி, சிங்களத்தில் எழுதினேன்: 'நான் சொன்ன சொல்லால் ஒரு மனிதன் திரும்பி வரவில்லை. இனி யாருக்கும் மொழிபெயர்க்கமாட்டேன். ஆகவே விலகுகிறேன்.' பயந்துதான் எழுதினேன், பயந்தாலும் எழுதினேன். எழுதியவர் யார் என்று கீழே குறிப்பது எங்கள் வழக்கமில்லை. படையாட்களின் மனதைக் கலைக்கிற தமிழ்ப் பெண் என்று என்னைப் பிடிக்க அது ஒன்றே போதும். அன்றைக்கு என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டத்தரணி தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மீதி நாட்களில் விசாரணைக்குப் பழக்கினேன். நான் அதிகாரியாகக் கதிரையில் இருப்பேன், அவன் எதிரே நிமிர்ந்து நிற்பான். கேட்கக்கூடிய ஆகக் கொடூரமான கேள்விகளை நானே கேட்பேன், அங்கே போய்த் தடுமாறக்கூடாது என்பதற்காக.

"நீர் போனால் உம்மட இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவன் கூட்டியும் சொல்லுவான். அந்தப் பாவம் ஆருக்கு?"

மூன்று நாளும் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். நான்காம் நாள் சொன்னான். "மறுமையில அவன்ட கேள்வி கணக்கு அவனுக்கு மிஸ். என்டது எனக்கு."

அந்தப் பதிலோடு அவனைப் பஸ் ஏற்றி அனுப்பினேன்.

நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் ஒரு பின்னேரம் அலுவலகம் பூட்டும் நேரத்தில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். ஆறு வாரம் காவலறை, பிறகு முகாம் குசினியில் சட்டி கழுவல், பிறகு விசாரணை. நான் பழக்கிய அந்தக் கேள்வியையே கேட்டார்களாம். விலக்கிவிட்டார்கள். கடிதத்தை நீட்டினான். காரணம் என்ற இடத்தில், 'மனநிலை சரியில்லாதவர்' என்று தட்டெழுதியிருந்தது.

எனக்குத் தலை கொதித்தது. அந்த முகாமிலேயே புத்தி சரியாக இருந்த ஒருவனைப் பிடித்துப் பைத்தியம் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கே மறுத்து எழுதுவோம் என்றேன். "வெளிய வந்துட்டேன் தானே, விடுங்க மிஸ்," என்றான். நான் விடுகிற ஆளா? படி இறங்கும்போதும் திட்டினேன், அவன் ஊருக்கும் அதே வழி என்பதால் இருவரும் மாத்தளை பஸ்ஸில் ஏறியும் திட்டிக்கொண்டே வந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வழக்கம்போல எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையாக நடக்கவேண்டும். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். காவலுக்கு நின்ற சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய், என்ன காரணம் என்று சிங்களத்தில் கேட்டான். தினமும் கேட்கிற கேள்வி, தினமும் நான் நல்ல சிங்களத்தில் பதில் சொல்கிற கேள்விதான். அன்றைக்குக் காரணம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டது. தமிழில் சொன்னேன், வரிசை முழுவதும் கேட்க.

"என்ர வீட்டுக்குப் போறன். அதுக்கு உனக்கு நான் ஏன் காரணம் சொல்லவேணும்? எரிச்சவங்களிட்டப் போய்க் கேள் காரணம்."

சிப்பாயின் கை துவக்கின் மேல் போனது. இவள் என்ன சொல்கிறாள், தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டான். யாரும் அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அவன் முன்னுக்கு வந்தான். இனி யாருக்கும் மொழிபெயர்க்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்து ஆறு வாரம் உள்ளே கிடந்தவன், சிங்களத்தில் மிக மரியாதையாகச் சொன்னான்.

"எங்கள் டீச்சர், சேர். காது மந்தம், நீங்கள் கேட்டது விளங்கவில்லை. பிரஷருக்கு மருந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாராம். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்கிறார்."

சிப்பாய் அட்டையைத் திருப்பித் தந்து, பார்த்துப் போங்கள் அம்மா என்றான். நான் வாயைத் திறக்குமுன் அவன் என் முழங்கையைப் பிடித்துப் பாலத்தின் மறுபக்கம் வரை நடத்திக்கொண்டு போனான். அங்கே கையை உதறினேன்.

"எனக்குக் காது மந்தமோ? நான் சொன்னதை ஏன் அப்பிடியே சொல்லேல்லை?"

"அப்படியே செல்லி ஒரு மனுசனக் குடுத்துட்டேன் மிஸ்," என்றான். "உங்களக் குடுக்க ஏலா."