வலங்கைமான் பக்கம் ஒரு கரண்டு வீணை

பங்குனி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை ஏழு மணிக்கு, தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில் கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஏறினேன். தோள்பையில் திருப்புளிகள், அளவுநாடா, பூதக்கண்ணாடி, பிஸ்கட் டின் அளவே உள்ள ஒரு சிறிய ஒலிபெருக்கி. உள்பையில் பதினைந்தாயிரம் ரூபாய். வலங்கைமானுக்கு அப்பால் ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் பல காலமாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட மின்சார பேஸ் கிட்டார் ஒன்றைப் பார்த்து, சோதித்து, உண்மையானால் வாங்கி வருவதே பயணத்தின் நோக்கம்.

பேஸ் கிட்டாரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்வைக்குக் கிட்டார்தான்; தந்திகள் நான்கு, அவையும் தடித்தவை. கல்யாண மேடையில் மெல்லிசைக் குழு பாடும்போது, காதுக்கு முன்னதாக நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் கனத்த ஒலி இதனுடையது. வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துப் பிழைத்த நான், யாரிடமும் பயிலாமல் இதைக் கற்று, நண்பர்கள் குழுவில் நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். சென்ற மழைக்காலம் முதல் என் இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்துப்போய் எட்ட மறுக்கின்றன. என்னுடைய கிட்டாரில் தந்தியின் நீளம் முப்பத்து நான்கு அங்குலம். முப்பது அங்குலத்தில் செய்த குட்டை வகை கிடைத்தால் ஒருவேளை சமாளிக்கலாம்.

எங்கள் குழுத் தலைவர் மாணிக்கம் மரியாதை குறையாமல்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஒத்திகை வரைக்கும் பாப்போம்ணே. முடியலேன்னா கீபோர்டுலயே இடது கையால பேஸைப் போட்டுக்கறோம். நீங்க முன்வரிசையில உக்காந்து கேளுங்க."

முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதற்கு நான் இன்னும் ஆயத்தமாகவில்லை.

தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர். கட்டணம் முப்பத்திரண்டு ரூபாய். அய்யம்பேட்டையைத் தாண்டியதும் இருபுறமும் சம்பா அறுத்த தாளும், அதனூடே பறித்து முடித்த உளுந்து வயலும் தெரிந்தன. பறித்த செடிகளைச் சாலையிலேயே பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறினால் மணி உதிரும் என்பது கணக்கு. ஓட்டுநர் முனகிக்கொண்டே ஒதுக்கினார்.

"ஏன்ணே ஒதுக்குறே, ஏத்து!" என்றார் நடத்துநர். "இவங்களுக்குப் போரடிக்கிற மாடு நாமதான். சாயங்காலம் வைக்கோல் போடுவாங்க."

பேருந்து சிரித்தது. பாபநாசத்தில் ஒரு தேநீர் குடிக்க நேரம் கிடைத்தது. தாராசுரத்தில் சந்தைக்கு வந்த வாழைத்தார்கள் இறங்கின. கும்பகோணத்திலிருந்து நகரப் பேருந்தில் வலங்கைமான் பத்துக் கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். அங்கே எனக்காக மொபெட்டுடன் காத்திருந்தவர் ஞானசேகரன். எழுபதைத் தொடும் வயது. கப்பல் எந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். கிட்டாரின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியவர் இவர்தான்.

"ஜப்பான் சரக்குங்க. நானே கடையில நின்னு வாங்கினது," என்று காற்றை மீறிக் கத்தியபடி வண்டியை ஓட்டினார். குடமுருட்டிப் பாலத்தின் கீழே தண்ணீர் இல்லை. வெள்ளை மணலில் கண் கூசியது.

பத்தேமுக்காலுக்கு வீடு சேர்ந்தோம். வாசலில் சிமெண்ட் களம். படுதாவில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அதன் அருகே ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல், முழு வெயிலில், கருஞ்சிவப்பு நிறத்தில் கிட்டார்!

"வாடை அடிச்சிதுங்க. நீங்க வர்றதுக்குள்ள காயட்டும்னு உளுந்தோட சேத்துப் போட்டேன்," என்றார் ஞானசேகரன் பெருமையாக.

அதை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி, வேலையைத் தொடங்கினேன். தலைப்பாகத்தில் பெயர்த் தகடு இல்லை. அது இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஆணித் துளைகள் மட்டும். பெயரில்லாத பொருளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கழுத்தும் உடலும் சேருமிடத்து உலோகத் தகட்டில் ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. போலிகளும் அப்படிப் பொறித்துக்கொள்ளும் என்பதால் பின்மூடியைக் கழற்றினேன். ஈயப்பற்று ஒருமுறையும் கலைக்கப்படவில்லை. உள்ளே இருந்த பழுப்பு நிறக் கண்டென்சரைக் கண்டதும் எனக்கு ஐயம் தீர்ந்தது. எழுபதுகளின் ஜப்பானிய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் நான் சலிக்கச் சலிக்க மாற்றிய அதே உருப்படி. பொருள் உண்மையானது.

ஆயினும் ஒன்று புரியவில்லை. வலக்கை படியும் மேல்விளிம்பில்தான் ஒரு கிட்டாரின் வண்ணம் முதலில் மங்கும். நின்று வாசிப்பவரின் இடுப்புவார் முதுகுப் பக்கத்தைக் கீறியிருக்கும். இதில் அவை இரண்டும் இல்லை. முதுகின் கீழ்மூலை மட்டும் தரையில் உரசியதுபோல் தேய்ந்திருந்தது. கழுத்தின் அடிப்புறத்தில், நடுவில் ஓரிடம் மட்டும் துணியால் துடைத்துத் துடைத்து மெருகேற்றியது போலப் பளபளத்தது. இப்படித் தேய்ந்த பேஸ் கிட்டாரை நான் பார்த்ததில்லை.

அளவெடுக்க வேண்டியதுதான் மிச்சம். தந்தியின் நீளம் பார்த்தேன்: முப்பது அங்குலம்! ஒத்திகையில் என் இடம் திரும்பக் கிடைத்துவிட்டதாகவே எண்ணினேன். ஒலியைப் பார்க்கலாமென்று, தந்தியை, கழுத்தின் குறுக்கே வரிசையாக உள்ள கட்டைகளில் ஒன்றின்மேல் அழுத்தினேன்.

கட்டை நகர்ந்தது.

கிட்டாரின் கட்டை மரத்தில் அறைந்த உலோகம். அது நகரவே நகராது. விரலை எடுத்துப் பார்த்தால் கறுப்பாகப் பிசுபிசுத்தது. முகர்ந்தேன். தேன்மெழுகு! அப்போதுதான் கழுத்தை நன்றாகக் கவனித்தேன். படத்தில் அழுக்கென்று நான் எண்ணியது, இருபுறமும் கட்டிய கரிய மெழுகு வரப்பு. அதன்மேல் பித்தளைக் கட்டைகள் படுத்திருந்தன. வெயிலில் இளகி, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன.

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மையார் கையில் முறத்துடன் வந்தார். ஞானசேகரனின் மனைவி சுகுணா. ஒரு பார்வை பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னங்க, வீணையை யாராச்சும் வெயில்ல போடுவாங்களா? மெழுகு என்னத்துக்காகும்?"

"அது வீணை இல்ல சுகுணா. பேஸ் கிட்டாராம். தம்பி மவன் போட்டோ பாத்துச் சொன்னானே."

"இத்தனை வருசம் கழிச்சு இப்பதான் தெரியுதாக்கும்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே கேளுங்கய்யா. ஜப்பானுக்குக் கப்பல் போவுதுன்னாரு. அங்க கரண்டு வீணை கெடைக்குதாம், ஒண்ணு வாங்கியாங்கன்னேன். நான் சின்னதுலேருந்து வீணை வாசிக்கிறவ."

"கடையில வீணைன்னா எவனுக்குத் தெரியுது?" என்றார் கணவர். "நாலு தந்தின்னு விரலைக் காட்டினேன். எடுத்துக் குடுத்துட்டான். நான் எண்ணிப் பாத்துத்தானே வாங்கினேன்?"

"எண்ணிப் பாத்தாராம்! தாளத்துக்குப் போடுற மூணு தந்தி எங்கேன்னு கேட்டேன். அது அடுத்த கப்பல்ல வரும்னாரு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தேய்மானத்தின் புதிர் அவிழ்ந்தது. தரையில் ஊன்றியது உடல். இடது தொடையில் படிந்து மெருகேறியது கழுத்து. தந்தியை இழுத்து அசைத்து வாசிப்பதற்குத் தோதாக, தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறையொன்றில் கொடுத்து, உலோகக் கட்டைகளைப் பிடுங்கி, மெழுகில் பித்தளை வைத்து வாங்கியிருக்கிறார் இந்த அம்மையார்.

"நவராத்திரிக்கு வாசிச்சா ஊரே வரும்யா. பாதிப் பேரு கரண்டு அடிக்கும்னு வாசப்படியிலேயே நிப்பாங்க. அப்புறம் சத்தப் பொட்டி கெட்டுப்போச்சு. இதுவும் கட்டிலுக்கடியில போயிடுச்சு."

அவர் சொல்லச் சொல்ல என் மனம் இறங்கியது. மேடை விளக்குகளின் சூடு பங்குனி வெயிலுக்குக் குறைந்ததன்று; இரண்டாவது பாட்டிலேயே கட்டைகள் ஊரத் தொடங்கிவிடும். அதை அவர்களிடம் மறைக்கவில்லை. "பொருள் அசல்தாங்க. ஆனா மேடைக்கு ஆகாது," என்றேன்.

"அப்ப எடுத்துக்கலியா?" என்றார் ஞானசேகரன்.

"அவரு எடுக்கறது கெடக்கட்டும். கலைச்சது நீங்க, முதல்ல சரி பண்ணுவோம், வாங்க," என்று சுகுணா அம்மையார் பாயை விரித்தார்.

சாப்பாட்டுக்குப் பின் மூவரும் உட்கார்ந்தோம். கட்டை முரண்டுபிடித்த இடத்தில், காய்ச்சிய கரண்டியால் மெழுகை இளக்குவது ஞானசேகரனின் வேலை. என் ஒலிபெருக்கியில் இணைத்துச் சுரம் பார்த்தோம். தாழ்ந்த சுரங்கள் அம்மையாருக்கு இப்போது தெளிவாகக் கேட்பதில்லை. எனவே சுரம் காட்டும் என் கைப்பேசிச் செயலியும் துணைக்கு வந்தது.

"உங்க செல்லு சொல்றது ஒரு இடம், எங்காது சொல்றது ஒரு இடம்," என்று அவர் ஒரு கட்டையை மயிரிழை நகர்த்தினார். கேட்டுப் பார்த்தேன். அவர் வைத்த இடமே சுகமாக இருந்தது, அப்படியே விட்டோம்.

மெழுகு இறுகியதும் கருவியைத் தொடையில் சாய்த்து அவர் வாசித்தார். முதலில் விரல் தடுமாறியது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போன்ற ஒலியில் ஒரு ராகம் வளைந்து வளைந்து வந்தது. பேஸ் கிட்டாரிலிருந்து அப்படியொரு குழைவு வருமென்று நான் எண்ணியதே இல்லை. உளுந்தைக் கிளறப் போன ஞானசேகரன், துடுப்பை ஊன்றியபடி வெயிலிலேயே நின்றுவிட்டார்.

"இப்ப நீங்க வாசிங்க," என்று என்னிடம் நீட்டினார் அம்மையார்.

விரல்களைக் காட்டினேன். எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதையும், நாளைய ஒத்திகையையும் சொன்னேன்.

அவர் வியப்போடு பார்த்தார். "ஏன்யா, அந்த ரெண்டு விரலும் வீணையில சும்மாதானே இருக்குது? எங்கையைப் பாக்கலியா நீங்க?"

உண்மையிலேயே நான் பார்க்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொல்லி, இம்முறை காதை விட்டுக் கண்ணால் கேட்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும், ஒட்டிய இரட்டையர் போல, ஒரே தந்தியின் மேல் நெடுக வழுக்கி ஓடின. நானோ ஒரே இடத்தில் கையை ஊன்றி, நான்கு விரல்களையும் விரித்தே காலமெல்லாம் வாசித்தவன். எட்டாத இடத்துக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தேனே தவிர, கையை நகர்த்தலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிற்பகல் முழுவதும் அதையே பழகினேன். "வழுக்கணும்யா, தாண்டக் கூடாது. வரப்புல தவக்களை போற மாதிரி போறீங்களே!" என்று அதட்டு விழுந்தது.

நான்கரை மணிக்குப் புறப்பட்டேன். ஞானசேகரன் கிட்டாரைச் சுற்றக் கோணிப்பையோடு வந்து நின்றார். அம்மையார் கருவியை மடியிலிருந்து இறக்கவில்லை. நானும் பணத்தை வெளியே எடுக்கவில்லை.

"இந்தப் பொட்டியை வெச்சிட்டுப் போறீங்களா?" என்று அம்மையார் என் ஒலிபெருக்கியைக் காட்டிக் கேட்டார். விலை பேசாமல் அதை அவரிடமே கொடுத்தேன். கோணிப்பையில் கிட்டாருக்குப் பதிலாக ஒரு மரக்கால் உளுந்து ஏறியது.

இரவு எட்டு மணிக்குக் கரந்தையில் என் வீட்டை அடைந்தேன். மாதக்கணக்கில் திறக்காத உறையைத் திறந்து, என் நீளமான கிட்டாரை வெளியே எடுத்தேன். தோளில் மாட்டும் பட்டையைக் கழற்றிவிட்டு, தரையில் சப்பணமிட்டு, கழுத்தைத் தொடையில் சாய்த்துக்கொண்டேன். வேகமான பாட்டுகள் இன்னும் பிடிபடவில்லை. மெதுவான நடையில் அமைந்த பாட்டு ஒன்று, நான்கைந்து முறை தடுக்கி விழுந்தபின், தாளத்தை விட்டு விலகாமல் கடைசிவரை வந்தது. அதன்பின்னரே மாணிக்கத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கிட்டார் கெடைச்சிதாண்ணே?"

"கிடைக்கலை. நாளைக்கு வாசிக்க வர்றேன்."

"எப்படிண்ணே?"

"எனக்கு மட்டும் கீழே ஒரு ஜமுக்காளம் போட்டு வைங்க," என்றேன்.